"அந்தப் பையன் என்னப்பா ஆனான்?": மாணவர் எடுத்த மியூசிக் வீடியோவுக்குக் கருத்து வாங்குவதும் திருத்துவதும்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) கடைசி வருடத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு பாட்டு எடுத்தோம். 3 நிமிடம் 40 விநாடி. கதை இவ்வளவுதான்: இறந்துபோன தாத்தாவின் பழைய சைக்கிளைப் பேத்தி தூசி தட்டி, பழுது பார்த்து, ஓட்டிக்கொண்டு போகிறாள். வகுப்பில் போட்டுக் காட்டினோம். ஒரே விசில். "சூப்பர் மச்சி", "லைட்டிங் வேற லெவல்". அன்று மதியமே கேன்டீனில் டீ போடும் அக்காவிடம் போனில் காட்டினோம். முழுதாகப் பார்த்துவிட்டு, டம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "நல்லாத்தான் இருக்கு. அந்தப் பையன் என்னப்பா ஆனான்? ஏமாத்திட்டுப் போயிட்டானா?"

எங்கள் கதையில் பையனே கிடையாது.

சமர்ப்பிக்க 9 நாள்தான் இருந்தது. அந்த 9 நாளில் தட்டுத் தடுமாறிக் கற்றதையும், எடிட்டிங்கே பிழைப்பான பிறகு மாணவர் புராஜெக்ட்டுகளைப் பார்க்கப் போகும் இடங்களில் கவனித்ததையும் சேர்த்து இங்கே வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம். பார்ப்பவர் எந்த இடத்தில் இடறினார் என்பதை நம்பலாம், அதற்கு அவர் சொல்லும் பரிகாரத்தை நம்ப வேண்டியதில்லை. இடறவைத்த கல் பெரும்பாலும் அவர் விழுந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கிடக்கும். அதைத் தேடுவது நம் வேலை.

1. காட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி மடித்து வையுங்கள்

மூன்று விஷயம் போதும். கதை ஒரே வாக்கியத்தில். எந்த விநாடியில் பார்ப்பவருக்கு என்ன தெரிய வேண்டும். எந்த விநாடியில் என்ன உணர்வு வர வேண்டும்.

இதைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். கருத்து காதில் விழுந்த பிறகு நம் மனசு குரங்கு வேலை செய்யும். "அது காதலன்னு தோணுச்சுன்னா அப்படியும் எடுத்துக்கலாமே, ஓப்பனா விட்டிருக்கோம்" என்று எங்கள் இயக்குநரே சொன்னான். ஓப்பனாக விட்டோமா, கோட்டை விட்டோமா என்று பிரித்துச் சொல்ல அந்தத் தாள் ஒன்றால்தான் முடியும். எங்களிடம் தாள் இல்லை. ஆனால் ஷூட்டிங்குக்கு முன் ஆசிரியரிடம் கொடுத்த ஒரு பக்கச் சுருக்கம் இருந்தது. அதில் "0:52 – போட்டோ – தாத்தா என்று தெரிகிறது" என்று எங்கள் கையெழுத்திலேயே இருந்தது. வாதம் அங்கே முடிந்தது.

2. எப்போது காட்டுவது

ரஃப் கட்டில், அதாவது ஷாட்டுகளை வரிசையாக அடுக்கிய முதல் எடிட்டில். கலர் கிரேடிங்குக்கு (படத்தின் வண்ணச் சாயலைச் சரிசெய்யும் வேலை) முன்னால், டைட்டில் போடுவதற்கு முன்னால். வழவழப்பாக்கிய பிறகு காட்டினால் பார்ப்பவர் வழவழப்பைத்தான் பாராட்டுவார். "கலர் செம" என்ற பாராட்டு கதை புரிந்ததற்குச் சான்று ஆகாது. அது மட்டுமில்லை, இரண்டு ராத்திரி உட்கார்ந்து கலர் செய்த ஷாட்டைத் தூக்கிப் போட யாருக்கும் கை வராது.

இன்னொரு நடைமுறைக் காரணம் உண்டு. நடித்தவர்கள் இன்னும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஷூட்டிங் முடிந்த மறுநாளே ஹீரோ தாடி எடுத்துவிடுவான், ஹீரோயின் முடி வெட்டிக்கொள்வார், வாடகைக்கு எடுத்த லென்ஸ் திரும்பிப் போய்விடும். நான்கு விநாடி ஷாட் ஒன்று குறைகிறது என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்து என்ன பிரயோஜனம்? முதல் ரஃப் கட்டை ஷூட்டிங் முடிந்த மூன்று நான்கு நாளுக்குள் தயார் செய்து, அதுவரை "யாரும் முடி வெட்டக் கூடாது" என்று குரூப்பில் போட்டுவிடுங்கள்.

ரஃப் கட்டை எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலையில் ஓடும் நேரம் தெரியும்படி டைம்கோடைப் பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் "அந்த சைக்கிள் வர்ற இடம்" என்பார்கள். எங்கள் வீடியோவில் சைக்கிள் வராத இடமே இல்லை.

3. யாருக்குக் காட்டுவது

ஷூட்டிங்குக்கு வந்தவர்கள் யாருக்கும் வேண்டாம். அவர்களுக்குக் கதை தெரியும். படத்தில் இல்லாததையும் அவர்கள் கண் பார்த்துவிடும். வகுப்புத் தோழர்கள் இரண்டாம் சுற்றுக்கு. அவர்கள் ஷாட்டைப் பார்ப்பார்கள், "இங்க ஃபோகஸ் போச்சு" என்பார்கள். அதுவும் தேவைதான், ஆனால் முதலில் இல்லை.

முதல் சுற்றுக்குக் கதை தெரியாத, கேமரா தெரியாத ஐந்தாறு பேர். வயதைக் கலந்து எடுங்கள். விடுதியில் தமிழ் தெரியாத நண்பர் இருந்தால் அவரையும் கட்டாயம் சேருங்கள். பாட்டு வரி புரியாதவர் படத்தை மட்டும் வைத்துக் கதை சொல்வார். வரி எவ்வளவு சுமக்கிறது, படம் எவ்வளவு சுமக்கிறது என்று அவரை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

ஐந்தாறு பேர் போதுமா என்று கேட்பீர்கள். மென்பொருள் பயன்பாட்டுச் சோதனைகள் பற்றி ஜேக்கப் நீல்சன் 2000ல் எழுதிய ஒரு கட்டுரை பிரபலம்: ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே சிக்கல்களில் சுமார் 85 சதவீதம் வெளியே வந்துவிடும் என்பது அவர் கணக்கு. அது திரைகளையும் பட்டன்களையும் பற்றியது. பாட்டுக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்ட வைக்க முடியாது. ஆனால் அதன் அடிப்படை யோசனை இங்கேயும் செல்லும். 30 பேருக்கு ஒரே தடவை காட்டுவதைவிட, 6 பேருக்குக் காட்டி, திருத்தி, வேறு 6 பேருக்குக் காட்டுவது மேல். முதல் 6 பேரில் 4 பேர் இடறிய இடத்தில் அடுத்த 24 பேரையும் இடறவைத்து என்ன கண்டுபிடிக்கப் போகிறோம்?

அப்புறம், அம்மா அப்பா. காட்டுங்கள், சந்தோஷப்படுவார்கள். குறிப்பில் சேர்க்காதீர்கள்.

4. எப்படிக் காட்டுவது

ஒவ்வொருவராக. நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் முதலில் வாய் திறப்பவர் சொல்வதையே மற்ற மூவரும் வேறு வார்த்தையில் சொல்வார்கள்.

முன்னுரை வேண்டாம். "இது ஒரு தாத்தா பேத்தி கதை" என்று ஆரம்பித்தால் சோதனை அங்கேயே முடிந்தது. "இன்னும் கலர் பண்ணல, சவுண்ட் சரியா இல்ல" என்ற மன்னிப்பும் வேண்டாம். "ஒரு பாட்டு, மூணரை நிமிஷம், பாருங்க." அவ்வளவுதான்.

எதில் காட்டுவது? அவர்கள் எதில் பார்ப்பார்களோ அதில். பெரும்பாலும் போன்தான். எடிட்டிங் மானிட்டரில் தெரிந்த போட்டோ ஆறு அங்குலத் திரையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வந்துவிடும்.

நீங்கள் பக்கவாட்டில் உட்காருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், ஆயிரம் தடவை பார்த்தாயிற்று. அவர் முகத்தையும் கையையும் பாருங்கள். மடியில் ஒரு தாள். கண் திரையை விட்டு விலகிய நேரம், சிரித்த நேரம், புருவம் சுருங்கிய நேரம், கால் ஆட ஆரம்பித்த நேரம். அதில் மட்டும் கவனம். இவையெல்லாம் பொய் சொல்லத் தெரியாத கருத்துகள். ஒரு நண்பர் "எங்கயும் போர் அடிக்கல" என்று உறுதியாகச் சொன்னார். என் தாளில் "1:49 – வாட்சைப் பார்த்தார்" என்று இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது.

முகத்தை வீடியோ எடுக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். கேட்டுவிட்டு எடுங்கள், எங்கும் பதிவேற்றாதீர்கள். ஆனால் கேமரா எதிரே இருந்தால் பாதிப் பேர் நடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். எனக்குத் தாளே வசதி.

சிரிப்பைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தவறான இடத்தில் வரும் சிரிப்பைவிடத் தெளிவான கருத்து உலகத்திலேயே கிடையாது. ஹாலிவுட் இயக்குநர் பில்லி வைல்டர் 1950ல் வெளியிட்ட 'சன்செட் பூல்வார்ட்' படம் முதலில் பிணவறையில் பிணங்கள் ஒன்றோடொன்று பேசுவதாகத் தொடங்கியது. இல்லினாய் மாநிலத்தில் முன்னோட்டம் போட்டபோது அரங்கம் சிரித்துவிட்டது. அந்தக் காட்சியையே அவர் வெட்டிவிட்டு, நீச்சல் குளத்தில் மிதக்கும் உடலோடு படத்தைத் தொடங்கினார். எங்களுக்கு அந்தச் சிரிப்பு 2:48ல் வந்தது. பேத்தி சைக்கிளில் ஏறும் முன் ஸ்லோ மோஷனில் தலையைத் திருப்புகிறாள், கூந்தல் விசிறிபோல விரிகிறது. நாங்கள் கவிதை என்று நினைத்தோம். மூன்று பேர் சிரித்தார்கள். ஒருவர் ஷாம்பூ பெயரே சொன்னார். வெட்டினோம். வெட்டிய பிறகு யாரும் அதைத் தேடவில்லை.

5. என்ன கேட்பது

"பிடிச்சிருக்கா?" என்று கேட்கவே கூடாது. நம் ஊரில் முகத்துக்கு நேரே பிடிக்கவில்லை என்று சொல்ல எல்லோருக்கும் சங்கடம். 1 முதல் 5 வரை மார்க் போடச் சொல்லும் கூகுள் ஃபார்மும் இதே கதைதான். எல்லோரும் 4 போடுவார்கள். 4.2 சராசரியை வைத்துக்கொண்டு எந்த ஷாட்டை வெட்டுவது?

முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "என்ன கதைன்னு சொல்லுங்க." சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். இந்தச் சும்மா இருப்பதுதான் ரொம்பக் கஷ்டம். ஒருமுறை நடந்தது இப்படி.

"ஒரு பொண்ணு, லவ்வர் விட்டுட்டுப் போன சைக்கிளை..."
"லவ்வர்னு எப்படித் தெரிஞ்சுது?"
"அந்த போட்டோல இருக்கான்ல. அப்புறம் பாட்டுலயும் 'நீ விட்டுப் போன வழி'ன்னு வருதே."

அந்த இடத்தில் எங்கள் பாட்டெழுதியவன் "அண்ணா அது தாத்தா!" என்று கத்திவிட்டான். அதற்குப் பிறகு அந்த அண்ணன் "ஆமாமா, இப்பப் புரியுது, தாத்தாதான்" என்று சொல்லி, மேற்கொண்டு எதையும் உண்மையாகச் சொல்லவில்லை. விளக்கம் கொடுத்த நொடியில் அவர் பார்வையாளர் இல்லை, நம் மனம் நோகாமல் பார்த்துக்கொள்ளும் விருந்தாளி. ஆனால் அவர் அதற்குள் பொன்னான ஒன்றைக் கொடுத்துவிட்டார். "எப்படித் தெரிஞ்சுது?" என்ற கேள்விக்கு வந்த பதில். அதைக் கீழே பார்ப்போம்.

மற்ற கேள்விகள்: யாருக்கு யார் என்ன உறவு? எந்தப் படம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது? எங்கேயாவது "இது எதுக்கு?" என்று தோன்றியதா? கடைசியில் அவள் எங்கே போகிறாள்? இவ்வளவு முடிந்த பிறகு இரண்டாம் முறை ஓடவிட்டு, தோன்றும் இடத்தில் நிறுத்திச் சொல்லச் சொல்லுங்கள். "நீங்களா இருந்தா என்ன மாத்துவீங்க?" என்பது கடைசிக் கேள்வி. பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுக்காதீர்கள்.

6. குறிப்புகளை அடுக்குவது

சாயங்காலம் எல்லாத் தாள்களையும் ஒரே அட்டவணையில் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு வரியிலும்: நேரம், அவர் செய்தது, அவர் சொன்னது, அவர் சொன்ன பரிகாரம், நம் ஊகம். கடைசி இரண்டையும் தனித்தனிக் கட்டத்தில் வைப்பது முக்கியம். கலந்துவிட்டால் அவர் சொன்ன மருந்தையே நோய் என்று நினைத்துவிடுவோம்.

பிறகு வண்ணப் பேனாவால் மூன்றாகப் பிரியுங்கள். புரியாதது. சலித்தது. ருசி. "எனக்கு இந்த மாதிரிப் பாட்டே பிடிக்காது, குத்துப் பாட்டுதான் பிடிக்கும்" என்பது ருசி. மரியாதையாக ஓரம் வையுங்கள்.

புரியாததற்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. பண்பாட்டு ஆய்வாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973ல் பர்மிங்ஹாமில் இருந்து எழுதிய கட்டுரையை விஸ்காம் மாணவர்கள் எல்லோரும் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள்: அனுப்புபவர் வைத்த பொருளை அப்படியே ஏற்கும் வாசிப்பு, பாதி ஏற்றுப் பாதி பேரம் பேசும் வாசிப்பு, எதிர்த்து நிற்கும் வாசிப்பு. ஐந்து மார்க் பதிலாக எழுதி மறந்ததை இங்கே நிஜமாகப் பயன்படுத்தலாம். "தாத்தா சைக்கிள்னு புரியுது, ஆனா பாட்டி உட்கார்ந்திருக்க, இவ மட்டும் ஓட்டிட்டுப் போறது சுயநலமா இருக்கு" என்று ஒரு பெண் சொன்னாள். அவள் கதையைத் தவறவிடவில்லை. கதையோடு சண்டை போடுகிறாள். அதைத் திருத்த வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். காதலன் என்று நினைத்தவர்களோ கதையையே அடையவில்லை. அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

எண்ணிக்கையையும் பாருங்கள். ஒருவர் சொன்னால் குறிப்பு, இரண்டு பேர் சொன்னால் சந்தேகம், மூன்று பேர் சொன்னால் வேலை.

7. கல் எங்கே கிடக்கிறது

எங்கள் முதல் சுற்றில் 9 பேரில் 6 பேருக்கு அது காதல் தோல்விப் பாட்டு. வந்த பரிகாரங்கள்: ஆரம்பத்தில் "தாத்தாவுக்கு" என்று எழுத்துப் போடு, குரல் கொடு, தாத்தா வரும் ஃபிளாஷ்பேக் ஒன்று எடு. எல்லாமே 0:52க்குப் பிறகு குழம்பியவர்கள் சொன்னவை. நாங்கள் பின்னோக்கி நடந்து பார்த்தோம். மூன்று கற்கள் கிடைத்தன.

ஒன்று, வரி. "நீ விட்டுப் போன வழி" என்று எழுதியவனுக்கு அது தாத்தா. ஆனால் தமிழ்ப் பாட்டில் சும்மா ஒரு 'நீ' வந்தால் கேட்கிறவர் மனதில் காதலனோ காதலியோதான் வந்து உட்காருவார். அத்தனை வருடத்துச் சினிமாப் பாட்டுப் பழக்கம். பேத்தி தாத்தாவை 'நீங்க' என்றுதானே கூப்பிடுவாள் என்று கேன்டீன் அக்காவே பிறகு கேட்டார். பாட்டை மறுபடி பாடிப் பதிவு செய்ய நேரமில்லை.

இரண்டு, போட்டோ. வாலிப வயதுத் தாத்தாவுக்காக எங்கள் குழுவில் ஒருவனுக்கே பெரிய காலர் சட்டை மாட்டிக் கறுப்பு வெள்ளையில் எடுத்திருந்தோம். காலர் மட்டும்தான் பழசு. ஹேர்ஸ்டைல் அந்த வருடத்தியது.

மூன்று, கலர். வீடியோ முழுவதையும் வெளிறிய சாயலில் கிரேடு செய்திருந்தோம். அதனால் கறுப்பு வெள்ளைப் போட்டோ பழசாகத் தெரியாமல், போனில் போட்ட ஃபில்டர்போலத் தெரிந்தது. ரஃப் கட்டில் காட்டாமல் கலர் முடித்துக் காட்டியதன் கூலி.

முதல் திருத்தம்: போட்டோவுக்குச் சந்தன மாலையும் பொட்டும் வைத்து, சுவரில் மாட்டி, அதே 4 விநாடியை மறுபடி எடுத்தோம். நம் வீட்டில் மாலை போட்ட படம் என்றால் யாருக்கும் விளக்க வேண்டாமே. புதிதாக 5 பேருக்குக் காட்டினோம். 3 பேர் சொன்னது: "அய்யோ, லவ்வர் செத்துட்டானா?"

எனக்கு அன்று சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பிழையை இன்னும் ஆழமாகப் புதைத்திருந்தோம்.

பிறகு எடிட்டில் சேர்க்காமல் விட்ட டேக்குகளை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தோம். பாட்டியாக நடித்தவர், எங்களில் ஒருவனின் சொந்தப் பாட்டி, ஷாட்டுக்குக் காத்திருந்த நேரத்தில் சும்மா சைக்கிள் சீட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தது பதிவாகியிருந்தது. கேமராமேன் நிறுத்த மறந்த டேக். அதில் 3 விநாடியை எடுத்து 0:49ல், போட்டோவுக்கு முன்னால் வைத்தோம். பாட்டி துடைக்கிறார், அடுத்த வெட்டில் போட்டோ. அவ்வளவுதான். மூன்றாம் சுற்றில் புதிய 5 பேரும் "தாத்தா" என்றார்கள். 'நீ' இப்போது பாட்டி தாத்தாவைப் பார்த்துச் சொல்வதுபோல ஒலித்தது. அதை நாங்கள் யோசித்துச் செய்யவில்லை.

சலிப்புக்கும் இதே வழிதான். 1:44 முதல் 2:06 வரை 22 விநாடி இன்டர்லூட், வரி இல்லாமல் இசை மட்டும் ஓடும் இடம். வாட்ச் பார்த்தது, போனில் வந்த நோட்டிஃபிகேஷனைப் பார்த்தது எல்லாம் அங்கேதான். "மியூசிக்கைக் குறைச்சிடுங்க" என்றார்கள். ஆனால் இன்டர்லூட் தொடங்கும் முன்னாலேயே 1:40ல் சைக்கிள் ரிப்பேர் முடிந்து சக்கரம் ஜோராகச் சுற்றிவிடுகிறது. இனி என்ன ஆகும் என்ற கேள்வியே மிச்சமில்லை. பஞ்சர் ஒட்டும் ஷாட்டுகளை முன்னாலிருந்து எடுத்து இன்டர்லூட்டுக்குள் போட்டோம். தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை அமுக்கிக் குமிழ் எங்கே வருகிறது என்று பார்ப்பார்கள் இல்லையா, அது. இசையில் ஒரு விநாடிகூடக் குறைக்கவில்லை. குமிழ் வரும்வரை யாரும் கண்ணை எடுக்கவில்லை.

8. "வாய் ஒட்டல" என்று சொன்னால்

லிப் சிங்க், அதாவது வாயசைப்பும் பாட்டும் பொருந்துவது பற்றிய புகார் வந்தால் ஒரு கேள்வியை முதலில் கேளுங்கள்: "எதுல கேட்டீங்க?" புளூடூத் இயர்போன் என்றால் தாமதம் அங்கேயே இருக்கலாம். கம்பி இயர்போனில் அல்லது போன் ஸ்பீக்கரில் மறுபடி காட்டுங்கள். எங்களுக்கு வந்த இரண்டு புகாரில் ஒன்று இப்படிக் கரைந்தது.

இன்னொன்று நிஜம். நம் காது ஒலி தாமதமாக வந்தால் பொறுக்கும், முந்தினால் பொறுக்காது. உலகத்தில் ஒலி எப்போதும் ஒளிக்குப் பின்னால்தானே வருகிறது, இடி மின்னல்போல. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பிடி.1359 பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவார்கள், பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. விநாடிக்கு 25 ஃபிரேமில் எடுத்தால் ஒரு ஃபிரேம் 40 மில்லி விநாடி. ஆக, பாட்டு ஒரு ஃபிரேமுக்குச் சற்று மேல் முந்தினாலே போச்சு.

ஏன் முந்தியது? ஷூட்டிங்கில் ஸ்பீக்கரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். நடிகை 17 மீட்டர் தள்ளி. ஒலி அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய 50 மில்லி விநாடி. அவர் கேட்டு வாயசைப்பது தாமதம், கேமரா மைக்குக்கோ பாட்டு உடனே வந்துவிட்டது. எடிட்டில் மைக் ஒலியோடு பாட்டைப் பொருத்தினால் பாட்டு வாயை முந்தாமல் என்ன செய்யும்? அந்த ஷாட்டில் மட்டும் படத்தை ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னே நகர்த்திச் சரி செய்தோம். ஸ்பீக்கரை நடிப்பவர் பக்கத்தில் வையுங்கள், அடுத்த படத்துக்கு.

9. திருத்திய பிறகு

புதியவர்களுக்குக் காட்டுங்கள். ஏற்கெனவே பார்த்தவர் "இப்போ சூப்பரா புரியுது" என்றால், அவருக்குப் புரிய வைத்தது நீங்கள் வாயால் சொன்னதா, வெட்டா என்று தெரியாது. அதனால்தான் முதல் நாளே எல்லோருக்கும் லிங்க் அனுப்பிவிடக் கூடாது. நம்மிடம் இருக்கும் புதுக் கண்கள் குறைவு, ரேஷன் போலச் செலவு செய்ய வேண்டும். ஆன்லைனில் காட்டியே ஆக வேண்டும் என்றால் யூடியூபில் அன்லிஸ்டட் ஆகப் போடுங்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்க முடியும்.

மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். நான்காம் சுற்றில் ஒருவர் சொன்னதைக் கேட்டு வைத்ததை ஐந்தாம் சுற்றில் இன்னொருவர் சொல்லி எடுப்பீர்கள். தாளில் எழுதி மடித்த மூன்று விஷயமும் நிறைவேறியதா? போதும், பூட்டிவிடுங்கள்.

10. வெளியிட்ட பிறகு

யூடியூபில் ஏறிய வீடியோவை அதே லிங்கில் வைத்துக்கொண்டு வேறு கோப்பாக மாற்ற முடியாது. யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் வெட்டிச் சுருக்குவதுபோலச் சில சின்ன மாற்றங்கள் செய்யலாம், அவ்வளவே. அதனால் இங்கே கற்பது அடுத்த படத்துக்கு.

ஸ்டூடியோவில் பார்வையாளர் தங்கும் வரைபடம் ஒன்று வரும். முதல் 30 விநாடிக்குப் பிறகு எத்தனை சதவீதம் பேர் மிச்சம் என்று அது தனியாகக் காட்டும். கோடு தட்டையாகப் போனால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். பள்ளம் விழுந்தால் அங்கே தாண்டுகிறார்கள் அல்லது கிளம்புகிறார்கள். மேடு வந்தால் அந்த இடத்தைத் திரும்பப் பார்க்கிறார்கள். மேட்டைப் பார்த்து உடனே மகிழாதீர்கள். அழகாக இருந்ததாலும் திரும்பப் பார்ப்பார்கள், புரியாததாலும் திரும்பப் பார்ப்பார்கள். எங்களுக்கு 0:49ல் ஒரு சிறு மேடு இருந்தது. எது காரணம் என்று கோடு சொல்லாது. 80 பேர் பார்த்த வீடியோவில், அதில் பாதி நம் சொந்தக்காரர்கள் என்றால், எந்த வளைவையும் வேதமாக எடுக்க வேண்டாம்.

டிஸ்லைக் எண்ணிக்கையை யூடியூப் 2021 நவம்பர் முதல் பொதுப் பார்வைக்கு மறைத்துவிட்டது. பதிவேற்றியவருக்கு மட்டும் தெரியும். தெரிந்துகொண்டும் ஒன்றும் ஆகப் போவதில்லை. எந்த விநாடி என்று அது சொல்லாதே. கமென்ட்களில் நேரத்தோடு எழுதியவற்றை மட்டும் பழைய அட்டவணையில் சேருங்கள்.

11. புராஜெக்ட் ரெக்கார்டிலும் வைவாவிலும்

பிரிட்டனில் பள்ளியின் கடைசிக் கட்டமான ஏ லெவல் மீடியா படிப்பில் மியூசிக் வீடியோ எடுத்த மாணவர்களுக்கு "பார்வையாளர் கருத்திலிருந்து என்ன கற்றீர்கள்" என்பதே மதிப்பீட்டுக் கேள்வியாகப் பல வருடம் இருந்தது. இங்கேயும் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) யாராவது கேட்கத்தான் செய்வார்கள். "ஃபீட்பேக் பாசிட்டிவாக இருந்தது" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு இடத்தை எடுத்து முழுதாகச் சொல்லுங்கள். 0:52ல் எத்தனை பேர் என்ன நினைத்தார்கள், என்ன பரிகாரம் சொன்னார்கள், நீங்கள் கண்டுபிடித்த காரணம் என்ன, முதல் திருத்தம் எப்படித் தோற்றது, இரண்டாவது எப்படி நின்றது. திருத்தத்துக்கு முன்னும் பின்னுமான ஃபிரேம்களைப் பக்கத்தில் ஒட்டுங்கள். தோற்ற திருத்தத்தை மறைக்காதீர்கள். எங்கள் வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வெகுநேரம் பேசியது மாலை போட்ட போட்டோவைப் பற்றித்தான்.

எல்லாம் முடிந்து, கடைசி வெர்ஷனைக் கேன்டீன் அக்காவிடம் காட்டினோம். பாட்டி சீட்டைத் துடைக்கும்போது "ம்" என்றார். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இப்பப் புரியுது. தாத்தா வண்டி. ஆனா ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொண்ணு செயின் மாட்டுது, பஞ்சர் ஒட்டுது. கையில ஒரு பொட்டு கிரீஸ் இல்லையே, எப்படி?"

நடித்த பெண் அதற்குள் ஊருக்குப் போய்விட்டாள். பையிலிருந்து தாளை எடுத்து எழுதினேன்: 1:31 – கிரீஸ்.